காத்துக்கு அடிச்ச அடி

அழகரெத்தினத்துக்குக் கனடா விசா வந்துவிட்டது என்று கேட்டதும் கச்சிமுகம்மதுவின் நெஞ்சில் முதலில் எழும்பியது கவலை இல்லை. "அப்ப எனக்கு இனி ஆரு எண்ணுற?" என்ற கேள்விதான். எழும்பின கையோடு மனிசனுக்குத் தன்மேலேயே சீ என்று போய்விட்டது. இருபது வருசத்துக் கூட்டாளி நாட்டை விட்டே போகிறான். அங்கே இருக்கிற மகள் சுலக்சனா கூப்பிட்டுவிட்டாள். போனால் இனி வரமாட்டான், அவன் செத்தால் மையத்துக்குப் போகவும் தனக்குக் கிடைக்காது. அந்த நேரத்தில் விளையாட்டுக் கணக்கை யோசிக்கிற மனிசனை என்னவென்று சொல்ல? ஆனால் நெஞ்சில் எது முதல் வருகிறதோ அதுதானே உண்மை. மறைத்து என்னத்தக் காண.

"திங்கக்கிழமை கொழும்பு பஸ்ஸில போறன் மச்சான்," என்றார் அழகரெத்தினம். இரண்டு பேரும் வயல் வரம்பில் குந்தியிருந்தார்கள்.

"அப்ப சனிக்கிழமை ஒருக்கா ஆடுவம்," என்றார் கச்சிமுகம்மது. "கடைசி ஆட்டம். நூறுக்குள்ள வந்தா வந்த, இல்லாட்டி மண்ணுக்குள்ளதான்."

அவர்கள் ஆடினது கோல்ஃப். ஓம், கல்முனை வயலில் கோல்ஃப்தான். சிரிக்கிற ஆக்கள் சிரித்து முடியட்டும், ஊரே சிரித்து முடித்த விசயம்தான் இது.

கதை குவைத்தில் தொடங்கியது. எழுபத்தெட்டில் கச்சிமுகம்மது கல்முனைக்குடியிலிருந்தும் அழகரெத்தினம் பாண்டிருப்பிலிருந்தும் ஒரே ஏஜென்சியால் போய், ஓர் எண்ணெய்க் கொம்பனிக் குடியிருப்பில் வந்து விழுந்தார்கள். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. புல் மருந்துக்கும் கிடையாது, எல்லாம் மணல். குழி இருக்கிற இடத்தில் மட்டும் மணலில் எண்ணெய் ஊற்றிப் பிசைந்து, வட்டமாகச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். அந்த வட்டங்களை வாரி இழுத்து மட்டமாக்குவதுதான் இவர்கள் இரண்டு பேரின் வேலை. மத்தியான வெயிலில் துரைமார் வரமாட்டார்கள். அந்த நேரம் உடைந்த பொல்லுகளை ஒட்டவைத்துக்கொண்டு வேலைக்காரர்கள் ஆடலாம் என்று அனுமதி இருந்தது.

ஆட்டம் லேசான ஆட்டம்தான், விளங்குவதற்கு. பந்தைப் பொல்லால் அடித்து அடித்துக் குழிக்குள் விழுத்த வேணும். ஒரு அடிக்கு ஒரு எண்ணிக்கை. பதினெட்டுக் குழியும் முடிய மொத்தம் எத்தனை அடி என்று பார்ப்பது. குறைய அடித்தவன் கெட்டிக்காரன். புதுசாகப் பழகுகிறவனுக்கு நூற்று நாற்பது, நூற்றைம்பது என்று போகும். நூறுக்குக் கீழே வருவதுதான் கண்டம் தாண்டுவது. வேலைக்காரர்களில் நூறுக்குள் வந்தவன் பேரைக் கிளப் சுவரில் ஒரு பலகையில் எழுதுவார்கள். "நூறுக்குள்ள வராதவன் ஆட்டக்காரன் இல்லை, பொல்லைக் கூட்டிக்கொண்டு உலாத்தப் போறவன்," என்று மேற்பார்வைக்கு இருந்த துரை ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தான். சொன்னவன் மறந்திருப்பான். கச்சிமுகம்மது மறக்கவில்லை. பன்னிரண்டு வருசம் மணல் வாரின கைக்கு அந்தப் பலகையில் ஒரு இடம் கிடைக்கவில்லை. நூற்றொன்று வரைக்கும் வந்து வழுக்கிப் போனார். அழகரெத்தினம் நூற்றுப் பதினைந்தோடு கையைத் தூக்கிவிட்டார். "எனக்கு இது சரிவராது மச்சான். நீ அடி, நான் எண்ணுறன்."

எண்ணுவது சும்மா வேலை இல்லை. இந்த ஆட்டத்தில் தன் கணக்கைத் தானே சொன்னால் செல்லாது. கூட நடந்து வந்து கண்ணால் கண்டவன் சொல்ல வேணும். "நம்மட நிக்காஹ்வுக்குச் சாட்சி வைக்கிற மாதிரித்தான்," என்பார் கச்சிமுகம்மது. "சாட்சி இல்லாட்டி மாப்பிள்ளையும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல."

தொண்ணூறாம் ஆண்டு குவைத்துக்குள் சண்டை வந்தது. மற்றவர்கள் நகையையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு ஓடினபோது இந்த இரண்டு பேயன்களும் ஆளுக்கொரு பொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் கையில் தூர அடிக்கிற இரும்புப் பொல்லு, மற்றவர் கையில் குழிக்குள் தட்டுகிற பொல்லு. ஒரு சொக்ஸ் நிறையப் பந்து. பொல்லைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றுகோல் என்று காட்டி, ஜோர்தான் எல்லையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தார்கள். அழகரெத்தினம் இடைக்கிடை மறந்துபோய்க் காலை மாற்றி நொண்டினார். விமானத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததுதான் அவர்கள் வயிறாரச் சிரித்த கடைசிச் சிரிப்பு.

ஊருக்கு வந்தால் வீடு இருந்தது, ஊர் இருக்கவில்லை. இந்தப் பக்கமும் மையத்து, அந்தப் பக்கமும் பிணம். ஆர் தொடங்கின, ஆர் கூடச் செய்த என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அதுக்கு முடிவு இல்லை. தமிழன் முஸ்லிம் தெருவுக்குள் கால் வைக்க மாட்டான், முஸ்லிம் தமிழ்த் தெருவுக்குள் போக மாட்டான். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் மூன்று வருசம் முகம் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் கல்முனை பஸாரில், ஒரு புடவைக்கடை வாசலில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. அழகரெத்தினம் கேட்டார்:

"பொல்லு இருக்கா?"

"இரிக்கி," என்றார் கச்சிமுகம்மது.

கச்சிமுகம்மதுவின் பெண்சாதி ஆமினா உம்மாவின் சீதன வயல் ஊருக்கு மேற்கே, இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு வெளியில் கிடந்தது. அங்கே போக இவர் அவர் தெருவால் போகத் தேவையில்லை, அவர் இவர் தெருவால் வரத் தேவையில்லை. பெரும்போகத்து வேளாண்மை வெட்டி, சூடு அடித்து, நெல்லு வீட்டுக்கு வந்த பிறகு, அடுத்த போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடும்வரைக்கும் வயல் சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளிதான் அவர்களின் மைதானம். ஒன்பது இடத்தில் பால்டின்னைப் புதைத்துக் குழியாக்கினார்கள். அதைச் சுற்றி, சூடு மிதிக்கிற களத்துக்கு மெழுகுகிற மாதிரி சாணி போட்டு வட்டமாக மெழுகினார்கள். ஒன்பதையும் இரண்டு தரம் சுற்றினால் பதினெட்டு.

ஊர் விடுமா? நம்மட ஆக்கள் கலியாணத்துக்கும் பெருநாளைக்கும் கையில் பொல்லை வைத்துக்கொண்டு ஆடுகிற பொல்லடி எல்லாருக்கும் தெரிந்ததுதானே. "கச்சிமுகம்மது காக்கா வயலுக்குள்ள பொல்லடிக்கப் போறாரு, கூடி அடிக்க ஒரு தமிழன்," என்று கதை கட்டினார்கள். காவலரணில் நின்ற ஆமிக்காரன் இரும்புப் பொல்லைப் பிடுங்கி, கண்ணுக்குக் கிட்ட வைத்துத் துவக்குக் குழாய் இருக்கிறதா என்று பார்த்தான். எல்லாவற்றையும் இரண்டு பேரும் சகித்துக்கொண்டார்கள். வருசத்தில் ஒரு மாசம், இந்த மண்ணில் இரண்டு ஊர் மனிசர் சேர்ந்து நடக்கிற இடம் அதுதான் என்று கச்சிமுகம்மது நினைத்துக்கொள்வார். நூறுக்குள் மட்டும் வரவில்லை. அந்தக் கரைச்சலுக்குள் சீனி வருத்தம் வேறு வந்து கண்ணைப் பிடித்தது. வலது கண்ணில் புகை மாதிரி ஒன்று நின்றது. அடுத்த வருசம் பந்து தெரியுமோ தெரியாதோ, அல்லாஹ்தான் அறிவான்.

சனிக்கிழமை வெள்ளனவே வெளிக்கிட்டார். ஆமினா உம்மா படலையில் மறித்தாள்.

"இஞ்சாருங்க, அந்தத் தஸ்பீஹ வச்சிட்டுப் போங்க. அல்லாஹ்ட பேர எண்ணுற மணில பந்தெண்ணினா பரக்கத்து வருமா?"

"ஒவ்வொரு அடிக்கும் பிஸ்மி சொல்லித்தான் புள்ள அடிக்கிற. அதுவும் திக்ருதான்."

"நல்ல திக்ரு. வயசு போன நேரம் புத்தியும் கூடப் போகுது."

தஸ்பீஹ் மாலையில் தொண்ணூற்றொன்பது சின்ன மணி. முடிச்சில் ஒரு பெரிய மணி. ஒரு அடிக்கு ஒரு மணி என்று சேட்டுப் பைக்குள் விரலால் தள்ளிக்கொண்டு போவார். சின்ன மணிகளுக்குள் ஆட்டம் முடிந்தால் வெற்றி. பெரிய மணியில் விரல் பட்டால் நூறு, சரிவரவில்லை. இது வரைக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய மணியைத் தாண்டி இரண்டாம் சுற்றுக்குள் போய்த்தான் நின்றிருக்கிறது. அது அவர் மனசுக்குள் வைத்திருக்கிற கணக்கு. செல்லுகிற கணக்கு அழகரெத்தினத்தின் வாயில்தான் இருக்கிறது.

அழகரெத்தினம் முதலே வந்து, ஒன்பது வட்டத்தையும் புதுசாக மெழுகி வைத்திருந்தார். கையெல்லாம் சாணி. "உனக்காக இண்டைக்கு நான் கல்யாண வீட்டு முத்தம் மாதிரி மெழுகியிருக்கன்," என்றார். சிரித்தார்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை. போன கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை போல் கன்னம் ஒட்டியிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. என்ன மாயமோ தெரியாது, அன்று பொல்லு கச்சிமுகம்மதுவின் சொல்லுக்குக் கேட்டது. பந்து வரம்பில் பட்டால்கூட நல்ல பக்கமாகத்தான் துள்ளியது. முதல் சுற்று முடிய நாற்பத்தொன்பது. இரண்டு பேரும் ஒரு கதையும் கதைக்கவில்லை. கதைத்தால் கண்பட்டுவிடும் என்ற பயம்.

இரண்டாம் சுற்றில் ஆறாங் குழிக்குப் போகிற வழியில்தான் அது நடந்தது. வாய்க்கால் ஓரம் வெட்டின நெல்லுத் தாளுக்குள் பந்து ஆழமாக இறங்கிக் கிடந்தது. கச்சிமுகம்மது பிஸ்மி சொல்லி ஓங்கி வீசினார். வலது கண்ணில் நின்ற புகை பந்தையும் தாளையும் ஒன்றாக்கிவிட்டது. பொல்லு பந்துக்கு மேலால் போயிற்று. பந்து அசையவே இல்லை. அவர் ஒரு சுற்றுச் சுற்றி விழப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற அழகரெத்தினம் ஓடி வந்து பிடித்தார். "காத்துக்கு அடிக்கிறியே மச்சான், காத்து உனக்கு என்ன செய்த?" என்று சிரித்தார்.

காத்துக்கு அடித்தாலும் அடி அடிதான். பந்தில் படாவிட்டாலும், அடிக்க நினைத்து வீசினால் அது ஒன்று. குவைத்தில் அந்தச் சட்டத்தை இவருக்குச் சொல்லித் தந்ததே அழகரெத்தினம்தான். கச்சிமுகம்மது பைக்குள் ஒரு மணியைத் தள்ளினார். பிறகு குனிந்து, பந்தைக் கண்ணுக்குள் வாங்கி, இன்னொரு தரம் அடித்தார். அது நன்றாகப் போயிற்று.

கடைசிக் குழிக்கு வரும்போது தொண்ணூற்று நான்கு. ஐந்து அடியில் முடிக்க வேணும். அல்லாஹ்வே, இத மட்டும் தா, வேற ஒண்டும் கேக்க மாட்டன் என்று மனசுக்குள் துஆக் கேட்டார். வேறு என்னென்னவோ கேட்க வேண்டிய வயசில் இதைக் கேட்கிறேனே என்று வெட்கமும் வந்தது. முதல் அடி நேரே போயிற்று. இரண்டாவது வரம்பைத் தாண்டியது. மூன்றாவது ஒரு தாள்கட்டையில் தட்டி நின்றுவிட்டது. நான்காவது சாணி மெழுகின வட்டத்துக்குள் ஏறியது. குழிக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற தூரம். குழிப் பொல்லால் மெல்லத் தட்டினார். பந்து உருண்டு போய், பால்டின் விளிம்பைத் தொட்டு, அரைவட்டம் சுற்றி, விளிம்பிலேயே குந்திவிட்டது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விழவில்லை. விழவே இல்லை.

கச்சிமுகம்மது நடந்து போய் அதைத் தட்டி விழுத்தினார். டின்னுக்குள் டொக்கென்று சத்தம் கேட்டது. பைக்குள் விரல் பெரிய மணியில் நின்றது.

"தொண்ணூத்தொம்பது!"

திரும்பிப் பார்த்தால் அழகரெத்தினம் தோளில் கிடந்த துவாயை மேலே எறிந்து குதிக்கிறார். அறுபது வயசு மனிசன், சாணிக் கையோடு ஓடி வந்து கட்டிப் பிடித்தார். "வந்திட்டாய் மச்சான்! நூறுக்குள்ள வந்திட்டாய்! தொண்ணூத்தொம்பது!"

"இல்ல மச்சான். நூறு."

"எண்ணுறது நானா நீயா?"

"ஆறாங் குழில காத்துக்கு அடிச்சனே."

அழகரெத்தினம் பிடியை விடவில்லை. முகத்தை மட்டும் அங்காலே திருப்பினார்.

"எந்தக் காத்து? நான் காணல்ல."

காணல்ல! தொண்ணூறுக்குப் பிறகு இந்தக் கரையில் சின்னப் பிள்ளையும் பாடமாக்கின சொல் அது. கடைக்கு ஆர் நெருப்பு வைத்த? காணல்ல. உன் பக்கத்து வீட்டுக்காரனை ஆர் கொண்டுபோன? காணல்ல. கதவுக்குப் பின்னால் நின்று ஓட்டையால் பார்த்தவனும் காணல்ல, முத்தத்தில் நின்றவனும் காணல்ல. இரண்டு ஊரும் அந்த ஒரு சொல்லில்தான் உயிர் பிழைத்தது, அந்த ஒரு சொல்லில்தான் நாறியும் போயிற்று. அந்தச் சொல்லைச் சொல்லாத ஒரே ஆள் என்று கச்சிமுகம்மது நம்பியிருந்தது இந்த மனிசனைத்தான். கண்டதைக் கண்டேன் என்று சொல்லுகிற ஒரு வாய் இருக்கிறது, அது நூறுக்குள் வந்தாய் என்று ஒருநாள் சொல்லும் என்றுதானே இத்தனை வருசமும் வெயிலில் நின்றார்.

நெருப்பாகக் கோபம் வந்தது. நான் உன்னட்டச் சாட்சி கேட்டன், நீ எனக்குப் பிச்சைக்காரனுக்குப் போடுற மாதிரிச் சதக்காப் போடுறியாடா என்று கேட்க வாய் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அழகரெத்தினம் சொன்னார்:

"இனி உனக்கு எண்ண ஆரு மச்சான் வாற? நான் கனடாவில போய் எல்லாருக்கும் சொல்லுவன். என்ட கூட்டாளி ஒருத்தன் ரெண்டே ரெண்டு பொல்லோட நூறுக்குள்ள வந்தவன் எண்டு. எனக்கு அங்க சொல்ல வேற என்ன இருக்கு?"

கச்சிமுகம்மது வந்த சொல்லை விழுங்கினார். அதை விழுங்கினது, சொன்னால் சொல்கிறேன், மீன் முள்ளை விழுங்கின மாதிரித்தான் இருந்தது.

"நாளைக்கு ஒருக்கா ஆடுவமா?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்கு ஏலா மச்சான். சொந்தக்காரர் எல்லாம் வருவாங்க."

"அப்ப சரி. தொண்ணூத்தொம்பது," என்றார் கச்சிமுகம்மது.

திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். போகவில்லை. சேட்டைப் போட்டு, செருப்பையும் மாட்டி, படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். கோபம்தான். பொய் சொன்னவனை வழியனுப்ப நான் ஏன் போக வேணும் என்ற வீம்பு. பஸ் போயிருக்கும் என்று தெரிந்த நேரத்தில் கோபம் போய், வேறொன்று வந்து நெஞ்சில் ஏறிக் குந்தியது. ஆமினா உம்மா தேத்தண்ணியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கிழமையே வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மெஷின் இறங்கி வயலை உழுதது. சாணி வட்டங்கள் எல்லாம் சேற்றோடு சேறாகப் போயின.

போகவேண்டிய இடத்துக்குப் போகாததற்குக் கிடைத்த தண்டனை பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அழகரெத்தினம் பஸ் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற முத்தலிபின் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து, கூட்டாளி வருவான் வருவான் என்று பார்த்திருக்கிறார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லியுமிருக்கிறார்: "கச்சிமுகம்மது தொண்ணூத்தொம்பது அடிச்சிட்டான்."

போன வருசம்தான் நம்மட நாடு உலகக் கிண்ணம் எடுத்தது. கிழவன் முதல் கைக்குழந்தை வரைக்கும் எல்லாருக்கும் கிரிக்கெட் விசர். அந்த ஊரில் போய்த் தொண்ணூற்றொன்பது என்றால் என்ன நடக்கும்?

"ஒண்டால போயிட்டே காக்கா!" என்று பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுளடியில் ஒருவர் கையைப் பிடித்தார்.

"என்ன காக்கா அவசரம்? தட்டித் தட்டி ஒரு ரன் எடுத்திருக்கலாமே," என்றான் சந்தையில் மீன் விற்கிற மீராசாஹிபு. "அவுட் எப்படி, கெச்சா?"

கச்சிமுகம்மது முதலில் விளக்கிப் பார்த்தார். இந்த விளையாட்டில் குறைய அடிக்கிறவன்தான் வெல்லுகிறவன் என்றார்.

"அப்ப ஒண்டும் அடிக்காம ஊட்ட படுத்திருந்தா உலகச் செம்பியன்!" என்றான் மீராசாஹிபு. சந்தை முழுக்கச் சிரித்தது.

மௌத்து வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து ஆறுதல் சொன்னார்கள். ஒண்டால போயிட்டே, ஒண்டால போயிட்டே. ஒன்றால்தானே போனது! அவர்கள் தெரியாமல் சொல்கிற பிழையான கதைதான் உள்ளபடி நடந்த கதை. அதை அறிந்த மற்ற ஆள் பனிக்குள் போய்விட்டான்.

ஒரு அஸர் தொழுகைக்குப் பிறகு முத்தலிபின் கடையில் போய் இருந்தார். கடை நிறைய ஆள். ரேடியோவில் ஏதோ மட்ச் போய்க்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் எண்பதில் அவுட்டாகிவிட்டான். மீராசாஹிபு கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "நம்மட காக்கா மட்டும் அண்டைக்கு அந்த ஒண்ட அடிச்சிருந்தா," என்று தொடங்கினான்.

அவ்வளவுதான். இத்தனை நாள் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது வெளியே வந்தது.

"தொண்ணூத்தொம்பது இல்ல!" என்று கத்தினார் கச்சிமுகம்மது. மேசையில் தட்டின தட்டில் தேத்தண்ணி சிந்தியது. "நூறு! நான் அடிச்ச நூறு! நான் எண்ணின, எனக்குத் தெரியும். அவன் ஒண்ட விட்டுட்டுப் பொய் சொன்ன!"

கடையில் எழும்பின சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. "செஞ்சரி!" என்று ஒருவன் விசிலடித்தான். ஒருவன் முதுகில் தட்டினான். முத்தலிப் அடுப்படியிலிருந்து ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கச்சிமுகம்மது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தரம் ஊர் அவரைக் கொண்டாடுகிறது. எதற்கு? அவர் தோற்றதற்கு.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அப்ப பார்த்தீங்களா வேலய," என்றான் மீராசாஹிபு. முகம் மாறியிருந்தது. "நம்மட ஆள் நூறு அடிச்சா அவனுக்குப் பொறுக்கல்ல. ஒண்டக் களவெடுத்துப் போட்டுப் போய்த்தான்."

"இவடத்த, இந்தக் கதிரையில இரிந்துதான் சொன்னான்," என்றார் முத்தலிப். "ரோட்டப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். கண்ணால தண்ணி வேற. என்னா நடிப்பு!"

"எண்ணுற வேலய அவங்கட கையில குடுத்தா இப்படித்தான்," என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

"அப்படி இல்ல," என்றார் கச்சிமுகம்மது. "கேளுங்க. அவன் எனக்கு நல்லதுக்குத்தான் கொறச்சான்."

"கொறைக்கிறது நல்லதா? காக்காக்கு மனசு வெள்ள. அதுதான் அவங்க ஏறி மிதிக்கிற." மீராசாஹிபு கடை முழுவதையும் பார்த்துச் சொன்னான். "ஒரு ரன்னுக்கே இப்படிச் செய்ற ஆக்கள், மத்ததுகள் செய்ய மாட்டாங்களா?"

தலைகள் ஆடின. ஓம், ஓம் என்றார்கள். ஏழு வருசமாக ஆறாமல் கிடக்கிற ஒவ்வொரு புண்ணிலும் கை போனது கச்சிமுகம்மதுவுக்குத் தெரிந்தது. தன் வாயால் வந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் அந்தப் புண்ணைக் கிளறுகிறார்கள். இன்றைக்கு ராத்திரிக்குள் இது ஊர் முழுக்கப் போகும். அழகரெத்தினம் களவன் என்று போகும். இந்த ஊரில் அவன் விட்டுவிட்டுப் போன பேர் அதுவாகத்தான் இருக்கும். கண்ணீரோடு குந்தியிருந்து ரோட்டைப் பார்த்தானாமே!

"நிப்பாட்டுங்க," என்றார். "நான்தான் பொய் சொன்ன."

"என்ன காக்கா?"

"நூறு இல்ல. தொண்ணூத்தொம்பதுதான். ஒண்டால போனது வெக்கமாப் போச்சி, அதுதான் நூறு எண்டு சொன்ன."

மீராசாஹிபு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அவனக் காப்பாத்தப் பாக்குறீங்களா? வல்லாஹி சொல்லுங்க பாப்பம்."

விசிலடித்தவன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். அல்லாஹ்வின் மேல் சத்தியம். பொய்ச் சத்தியத்துக்கு என்ன கூலி என்று குர்ஆன் ஓதுகிற பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. கச்சிமுகம்மதுவும் படித்தவர்தான்.

"வல்லாஹி," என்றார். "தொண்ணூத்தொம்பது. அழகரெத்தினம் சரியாத்தான் எண்ணின. அவன்ட எண்ணிக்கை ஒருநாளும் பிழைச்சதில்ல."

கொண்டாட்டம் அப்படியே இறங்கிவிட்டது. விசிலடித்தவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். "இந்த வயசில ஒரு ரன்னுக்குப் பொய்யா காக்கா," என்றான் மீராசாஹிபு, கோபமில்லாமல், இரக்கத்தோடு. முத்தலிப் துணியைக் கொண்டுவந்து சிந்தின தேத்தண்ணியைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. கதிரைகள் இழுபட்டன. தொப்பியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"எழும்புங்க காக்கா, தொழுகைக்கு நேரமாச்சி," என்றார் முத்தலிப்.

"நீங்க போங்க," என்றார் கச்சிமுகம்மது. "நான் பொறகால வாறன்."